மேற்கே காற்று

சர்வேயர் தென்னக்கோன் நாடாவைச் சுருட்டிக்கொண்டு கேட்டார்:
"மேற்கு எல்லைக்கு என்ன போட்டிருக்கு?"
உறுதியை மறுபடி வாசித்தேன்.
வடக்கே அல்லெஸ் வளவின் மதில்.
கிழக்கே முடுக்கு. தெற்கே கான்.
மேற்கே காற்று.

முகத்துவாரத்தில் அப்போது நண்பகல்.
காற்று எதையும் மறுக்கவில்லை.
அவருடைய தொப்பியைத் தூக்கிக்
கருவாட்டுப் பாயில் போட்டது.

புதுக்கடையில் ஒரு நொத்தாரிசு கந்தோரில்
பழைய உறுதிகளைத் தமிழாக்குவது என் வேலை.
பக்கக் கணக்கில் காசு. எலி தின்ற பக்கம் அரைப்பக்கம்.
அன்றிரவு பெட்டியைக் கவிழ்த்துப் பின்னோக்கிப் போனேன்.

முப்பத்து நாலில் அது "காற்றாலைத் தோட்டம்".
அதற்கு முன்பு
"காற்றாலை என்று சனம் சொல்லும் கற்குவியல்".
இன்னும் முன்னால், ஆங்கிலத் துரை ஒருவரின் சாய்ந்த எழுத்தில்,
"பழுதான ஆலை, இறக்கை மூன்று".
நாலாவது, புயலுக்கு அடுத்த கிழமை
கொட்டாஞ்சேனையில் ஒரு மாட்டுக்கொட்டிலுக்குக் கூரையாகியிருந்தது.
ஓரத்தில் குறிப்பு: தண்டம் இரண்டு இறைசால்.

பெட்டியின் அடியில், தொட்டால் உதிரும் ஒல்லாந்தத் தாளில்
அது சுற்றிக்கொண்டிருந்தது.
கோட்டைச் சிப்பாய்களின் பாணுக்கு மா அரைத்தது.
வாடைக்கு முனகியது. சோழகத்தில் பேயாய்ச் சுழன்றது.
பங்குனியில் கடல் எண்ணெய் போலக் கிடக்க
ஆலைக்காரன் யொஹானஸ் கடன்பட்டான்.
கடனில் ஏலம் போனவற்றின் விபரம்:
கல் இரண்டு. கயிறு. பாய்ச்சீலை எட்டு.
செப்டெம்பர் என்றொருவன், காற்று விழுந்த நாட்களில்
சக்கரத்தைத் தள்ளுவதற்கு.
அவனுக்கு மதிப்பு, பாய்ச்சீலையை விடக் கொஞ்சம் கூட.

அந்த மாதத்தில்தான் வாங்கினார்களோ என்னவோ.
அம்மா வைத்த பெயர் எந்தத் தாளிலும் இல்லை.

'ஆலை' விழுந்தது எப்போது என்றும் கண்டுபிடித்தேன்.
எண்பத்து மூன்று ஆவணி.
வடக்கே போகும் கப்பலுக்கு இரண்டு நாள் இருக்க
இராசநாயகி என்பவர் கேட்ட விலைக்குக் கொடுத்திருக்கிறார்.
கையெழுத்து கோட்டைத் தாண்டி ஓடுகிறது.
தட்டச்சு செய்தவரும் ஓட வேண்டியிருந்திருக்கும்:
காற்று, பிறகு முற்றுப்புள்ளி.

மறுநாள் பைப்படியில் ஒரு கல்லைக் கண்டோம்.
வட்டம், நடுவில் துளை, அதில் சவர்க்காரத் துண்டு.
தென்னக்கோனுக்கு முகம் மலர்ந்தது.
ஆணியடிக்கக் குனிந்தவரிடம்
போர்வை அடித்துத் துவைத்துக்கொண்டிருந்த மஸீனா சொன்னா:
"அது இங்க இருந்த கல்லில்ல சேர்.
எங்கட வாப்பா கடக்கரையில இருந்து
உருட்டிக்கொண்டு வந்தது.
கொஞ்சம் தள்ளுங்க, தண்ணி நிக்கப் போகுது."

"அப்ப என்ன எழுத?" என்றேன் நொத்தாரிசிடம்.
"எல்லையில கை வைக்காதே. உள்ளதை எழுது."

எழுதினேன். வடக்கே, கிழக்கே, தெற்கே.
மேற்கே காற்று.
கீழே திகதி போட வேண்டும்.
பன்னிரண்டு என்று அடித்துவிட்டு
மாதத்தின் பெயருக்கு வந்தபோது
விரல் கொஞ்சநேரம் அங்கேயே நின்றது.