காலி இடம்

வெட்டுமணியில் பாலத்தின் நிழல் விழுவதால்
எங்கள் கடையில் மதியத்திலேயே டியூப்லைட்.
கருங்கலிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தாள் ஷைனி,
மழைக்குப் பயந்து லேப்டாப்பைத் துவர்த்தில் பொதிந்து.
"எல்லாம் அழிச்சாச்சு பிள்ளே, குப்பைத்தொட்டியும் காலி.
எண்ணாலும் விக்கதுக்கு முன்ன நீ ஒருக்கா பாரு."

வட்டைக் கழற்றி எங்கள் மிஷினில் மாட்டினேன்.
நானூறு ஜிபி காலி என்றது.
மீட்கிற மென்பொருளைத் தட்டிவிட்டதும்
அந்தக் காலிக்குள்ளிருந்து எழும்பி வந்தன
பதினான்காயிரத்துச் சொச்சம் கோப்புகள்,
பெயர் போய், எண் மட்டும் ஒட்டிக்கொண்டு.
ஒரு படம் தானாகத் திறந்தது, பாதி மட்டும்:
ஒரு ஆணின் நெற்றி, மூக்குக்கண்ணாடி,
வாய் இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறம்.
அவள் ரோட்டைப் பார்த்தாள்.
நான் படத்தை மூடினேன்.
யாரென்று கேட்பது எங்கள் ரேட் கார்டில் இல்லை.

"அழிச்சது பின்ன எப்படி கெடக்கு?"

புறம்போக்கு தெரியுமா அக்கா, என்றேன்.
நீங்கள் வெட்டியது தாளில் இருந்த பெயரை.
தாலுகா ஆபீஸ் கணக்கில் அது காலி நிலம்.
நேரில் போனால் வீடு நிற்கும், அடுப்பு புகையும்,
கொடியில் பாவாடை காயும்.
அதே சென்ட்டில் இன்னொருவன் வந்து கட்டும்வரை
பழைய ஆள் அங்கேதான்.
சில நேரம் புது ஆள் சின்னதாகக் கட்டுவான்,
பின்வாசலில் பழைய ஆளின் கிணறு வாய் திறந்து கிடக்கும்.
அதையும் தேடித் தூர்க்கணும்.

"அப்போ ஜேசிபி விடு."

ஜேசிபி என்பது பூஜ்யம்.
காலி இடம் முழுக்க ஒரே ஒரு கோப்பு,
உள்ளே பூஜ்யம் பூஜ்யம் பூஜ்யம்,
வட்டின் விளிம்பு முட்டும்வரை எழுதி,
இனி இடமில்லை என்று மிஷின் கத்தியதும்
அந்தக் கோப்பையும் தூக்கிவிடணும்.
காலியாக்க முதலில் நிரப்பணும்.
ஏழு தடவை எழுதணும் என்பார் பென்சிகர் அண்ணன்,
தடவைக்கு இவ்வளவு என்று பில் போடுகிறவர்.
ஒரு தடவை போதும்.
அண்ணன் சாப்பிடப் போயிருந்தார்.

நாற்பத்தொன்றில் கரண்ட் போனது.
யுபிஎஸ் கீச்சிட்டதும்
என் முழங்கையைப் பிடித்தவள்
ஐம்பது வரை விடவில்லை.
அறுபதில் பழம்பொரி வாங்கி வந்தாள்.
எண்பதில் மஸ்கட் ஆஸ்பத்திரி, பன்னிரண்டு மணி நேர டியூட்டி,
விசா வந்துவிட்டது, டிக்கெட்டுக்குத்தான் இந்த விற்பனை.
தொண்ணூற்றேழுக்குப் பிறகு பேச்சில்லை.
ரப்பர் ஷீட் அடிக்கிற உருளை மாதிரி
வட்டு மட்டும் அரைத்துக்கொண்டிருந்தது.

மறுபடி தேடினோம்.
கிடைத்தவை: 0.
"இன்னொருக்கா."
0.
"கொள்ளாம்" என்றாள்.
நூறு ரூபாய் குறைக்கச் சொன்னாள். குறைத்தேன்.
துவர்த்தை உதறி, லேப்டாப்பைப் பொதிந்து,
கருங்கல் பஸ்ஸுக்கு ஓடினாள்.

அவளிடம் சொல்லாமல் விட்டது:
கொடியில் காய்ந்தது என் பாவாடை.
கால்வாய்க்கரை, தெங்கு இரண்டு, கிணறு ஒன்று.
தாளில் நாங்கள் ஒருநாளும் இருந்ததில்லை,
அதனால் யாரும் எதையும் வெட்ட வேண்டியிருக்கவில்லை.
அங்கேயும் ஒரு தடவைதான் போதுமாக இருந்தது,
காலை பத்துக்கு ஆரம்பித்து
சாயாவுக்கு முன்னால் முடித்துவிட்டார்கள்.
ரேஷன் கார்டிலும் கேஸ் புத்தகத்திலும் மட்டும்
4/117சி அப்படியே நிற்கிறது.
மாற்றணும் மாற்றணும் என்று ஆறு வருஷம்.

ஷட்டரை இழுக்கும்போது போன் வந்தது,
கூரியர் பையன்.
"அக்கா, அட்ரஸுக்கு வந்தாச்சு.
இங்க வீடு ஒண்ணும் இல்லியே,
ரோடாக்கும் கெடக்கு."

அங்கேயே நில்லு, என்றேன்.
இப்போ வாறேன்.