யானை அடித்த கால்கள்

எங்கள் பதிவேட்டின்படி
படுவான்கரை யானைகள்
காலைத்தான் மிதிக்கின்றன.
அதுவும் முழங்காலுக்கு நாலு விரல் கீழே,
வாளால் அறுத்ததுபோல.
ஒருவருக்கும் விலா முறிவதில்லை.

நான் மூன்றாம் மேசை.
இழப்பீடு, உதவுதொகை, இதர.
கேள்வி கேட்பது இந்த மேசையின் வேலையில்லை என்று
கொக்கட்டிச்சோலைக்கு மாற்றலாகி வந்த
முதல் கிழமையே சொல்லித்தந்தார்கள்.

திங்கட்கிழமை எட்டரைக்கு முன்னே
அவள் வந்துவிடுவாள்,
உரப்பையில் சுற்றிய கோவைகளோடு.
அடையாள அட்டையில் அருந்தவமலர்.
வரிசையில் நிற்பவர்களுக்கு மெடிசின் அக்கா.

அவளது எழுத்தை எங்கும் இனங்காண்பேன்.
சின்ன எழுத்து,
ஓடும் உழவு இயந்திரப் பெட்டியில்
டோர்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு
காயக்காரன் நெற்றியில்
கட்டுப் போட்ட நேரத்தை எழுதிப் பழகியது.
திகதிக்குப் பக்கத்தில் இன்றும் நேரம் போடுகிறாள்.
படிவத்தில் அதற்கு இடமில்லை.
விளிம்பில் போடுகிறாள்.

‘ஊனமுற்ற காரணம்’
என்ற கட்டம் ஒன்றரை அங்குலம்.
அதற்குள் உண்மையை எழுதினால்
கோவை கொழும்புக்குப் போகும்,
பதிலுக்கு ஜீப் வரும்.
ஆகவே யானை.
சிலவேளை மின்னல்.
ஒருமுறை, தென்னையால் விழுந்தது.
இரண்டு கண்ணும் போனவனுக்கு என்ன எழுதுவதென்று
பேனையைக் கன்னத்தில் தட்டியபடி
கனநேரம் என்னைப் பார்த்தாள்.
“சுண்ணாம்பு” என்றேன்.
அவளோடு நான் பேசிய முதல் சொல் அது.

முனைக்காட்டுப் பேரின்பராசா மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை.
ஊன்றுதடியை என் மேசையில் வைத்தார்.
“யானைய ஏன் கா பழி சொல்ற?
எங்கட தோட்டத்துக்குள்ள பூந்து
ஒரு வாழையும் முறிக்காமப் போன யானையும் இரிக்கி.
செல்லெண்டு எழுது.”
எழுதினாள். நேரமும் போட்டாள்.
அந்தக் கோவை திரும்பி வரவேயில்லை.
அவர் மட்டும் நாலு தடவை
விசாரணைக்குப் போய்த் திரும்பி வந்தார்.

பொய்க்கால் கிளினிக்குக்கு
மட்டக்களப்புக்கு அவளே கூட்டிப் போவாள்.
அங்கே உகனையிலிருந்து விமலசிறி என்றொருவர்,
ஆமியில் இதே வேலை பார்த்தவர்,
தன் ஆட்கள் நாலு பேரோடு வந்திருந்தாராம்.
பிளாஸ்டரைப் பல்லால் கிழிக்கிற விதத்தில்
ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டார்களாம்.

“அவங்கட படிவத்தில அந்தக் கட்டம் பெரிசு சேர்.
யுத்தம் எண்டே அச்சடிச்சிரிக்கி.”
பிறகு சிரித்தாள்.
“ஆனா அவரும் மூணு வருசமா அலையிறாராம்.
கட்டம் இருக்கு தங்கச்சி, சல்லி இல்ல எண்டார்.”
துண்டுக்காலுக்கு மாட்டும் பருத்தி உறை
ஏழு கொடுத்துவிட்டிருந்தார்.
அதற்குச் சோடிக் கணக்கில்லை.

போன மாரியில், வரிசை கலைந்தபின்,
இன்னுமொரு படிவம் வைத்தாள்.
பெயர்: அருந்தவமலர்.
இடது செவி கேட்காது. இடுப்பில் இரும்பு.
குளிர்நாளில் அவள் சைக்கிளை உருட்டி வருவது
சேறு வழுக்கும் என்றுதான்
அதுவரை நினைத்திருந்தேன்.

காரணம் என்ற கட்டத்தில்
யானை இல்லை, மின்னல் இல்லை.
விடியப்புறம் நாலு நாற்பது.
அவ்வளவுதான்.

“இது பத்தாது அக்கா.”
வலது காதைத் திருப்பிக் கேட்டுவிட்டுச் சொன்னாள்:
“அண்டைக்கு எனக்கு ஆரும் நெத்தியில எழுதல்ல, தம்பி.
நானே பாத்து வெச்ச நேரம்.”

பூரணமற்ற விண்ணப்பங்களைப்
பதினாலு நாளில் திருப்ப வேண்டும்.
மாரி முடிந்து, வெட்டும் முடிந்து,
அது இன்னும் என் லாச்சியில் கிடக்கிறது.
பேனை மூடியைக் கழற்றுகிறேன், மூடுகிறேன்.
யானை என்று நான் எழுதினால்
அவள் எழுத்துப்போல வராது.

நேற்று கச்சக்கொடியிலிருந்து ஒருவரை
இரண்டு பேர் தாங்கிக்கொண்டு வந்தார்கள்.
வேலியை உடைத்து வந்த யானையாம்.
கால்கள் இரண்டும் அப்படியே இருந்தன.
மூச்சு விடும்போதெல்லாம் விலாவைப் பிடித்துக்கொண்டார்.

காரணத்தை எழுதிவிட்டு
எத்தனை மணிக்கு என்று கேட்டேன்.