ஏழு சதவீதம்

கோவையில் நாலு வருஷம்
பம்புக்குள் தண்ணீர் எப்படிச் சுழல்கிறதென்று
கணினியில் கணக்குப் போட்டேன்.
தண்ணீர் எதிர்த்துப் பேசாது.
பிறகு ஒரகடம். கார் முகப்பில் மோதும் காற்று.
காற்றும் அப்படித்தான்.
அந்த வேலையும் போன பிறகு
கோட்டையூர்ச் சாலையில்
நொதி தயாரிக்கும் கம்பெனி ஒன்று
நேர்காணலுக்குக் கூப்பிட்டது.

நுண்ணுயிரியல் விசாலம் மேடம் கேட்டார்:
"பாக்டீரியாவைப் பார்த்ததுண்டா?"
"எந்தச் சமன்பாட்டிலும் வந்ததில்லை."
சிரிக்காமல் எழுதிக்கொண்டார்.
ஆனாலும் எடுத்துக்கொண்டார்கள்.
கலக்கத் தெரிந்த ஒருவன் தேவைப்பட்டான்.

ஐந்நூறு லிட்டர் எஃகுக் கலன்.
உள்ளே துடுப்பு சுற்றும், அடியிலிருந்து காற்று குமிழிடும்,
நாற்பது நிமிஷத்துக்கு ஒருமுறை
உயிர்கள் இரட்டிக்கும்.
மீட்டர் வட்டிகூட இவ்வளவு கொடுமையில்லை என்றேன்.
"இந்த ஊரில் வட்டி பற்றிப் பேசாதீங்க தம்பி"
என்றார் கணக்குப் பிரிவு சோலையப்பன்.
போட்ட சர்க்கரையின் கார்பன்
எவ்வளவு உயிராயிற்று, எவ்வளவு நொதியாயிற்று,
எவ்வளவு புகைபோக்கி வழியே போயிற்று,
எல்லாம் கூட்டினால் நேராக வேண்டும் என்றேன்.
எனக்கு ஒரு செமஸ்டர் பிடித்த பாடம்.
அவருக்கு ஒரு டீ ஆறவில்லை.
"சரி, இருப்பு உதைக்குதா?"

உதைத்தது. ஏழு சதவீதம்.
மூன்று வாரம் தேடினேன்.
வலைக்கண்ணைச் சின்னதாக்கினேன், இன்னும் சின்னதாக்கினேன்.
மே மாதத்து மின்வெட்டில்
பதினாறு மணி நேர ஓட்டம் ஒன்று
சேமிக்காமலே செத்தது.
அன்று மெஸ்ஸில் இட்லி தொண்டைக்குள் இறங்கவில்லை.
ஒரகடத்தில் யாராவது திரும்பக் கூப்பிடுவார்களா
என்று செல்போனைப் பார்த்தபடி இருந்தேன்.

இரவுப் பணி மைமூன்
மாப்பைப் பிழிந்துகொண்டிருந்தாள்.
"என்னம்மா அது?"
"நுரை சார். பதினொன்றரைக்குப் பொங்கும்.
வடிகட்டி வழியா வரும். துடைச்சு ஊத்திருவேன்."
"எவ்வளவு?"
"ரெண்டு வாளி. சில நாள் மூணு."
"யாரிடமும் சொல்லலையா?"
"பால் பொங்குனா யாருக்காவது கடிதாசி போடுவாங்களா?"

இரண்டு வாளியையும் காய்ச்சி, உலர்த்தி,
வறண்ட பழுப்புத் தூளைத் தராசில் வைத்தோம்.
ஐந்தே முக்கால்.
மீதி ஒன்றே கால் இன்னும் எங்கோ இருக்கிறது.
என் கணிப்பில் மேற்பரப்பை
தட்டையான மூடியாக வைத்திருந்தேன்.
பம்புத் தண்ணீருக்கு அது போதும்.
உயிருள்ளது பொங்கும் என்று
எனக்கு யாரும் சொல்லவில்லை;
நானும் கேட்கவில்லை.

விசாலம் மேடம் அறிக்கையைப் படித்துவிட்டு
முதல் பக்கத்தில் என் பெயருக்குக் கீழே
மைமூன் என்று பேனாவால் சேர்த்தார்.
இனிஷியல் தெரியாமல் இடம் விட்டிருந்தார்.
போய்க் கேட்டு வந்தேன். கே.எஸ்.

நேற்று ராத்திரி ஒரகடத்து நண்பன்,
ஆட்குறைப்புப் பட்டியலில் பெயர் வந்தவன்,
போனில் கேட்டான்:
"பயோடெக்குக்கு மாறணும்டா. என்ன கோர்ஸ் படிக்கணும்?"
இரண்டு பாடம் சொன்னேன், ஒரு மென்பொருள் சொன்னேன்.
எழுதிக்கொள்ளும் சத்தம் கேட்டது.
"அப்புறம்?" என்றான்.
மணி பதினொன்று இருபத்தெட்டு.
கண்ணாடிச் சாளரத்தில் வெள்ளையாக ஏதோ ஏறியது.
மைமூன் வாளியோடு வந்து நின்றாள்,
ஒன்றை என்னிடம் நீட்டினாள்.
"அப்புறம் கூப்பிடறேன்" என்றேன்.