இரண்டாவது குப்பி

தண்ணீர் தொண்ணூற்று மூன்று டிகிரியிலேயே
கொதித்துவிடும் ஊர் இது.
சமவெளியில் எழுதிய செய்முறையின் நேரத்தை
இங்கே கொஞ்சம் நீட்டிக்கொள்ள வேண்டும்.

ஆட்டுவம்பட்டி ஆய்வகத்தில்
காலையிலிருந்து காடி வாசனை.
வெள்ளைத் தூளாய் இருந்த அயோடின் சேர்மம்
தன் இரண்டு அசிட்டேட்டுகளைக் கழற்றிப் போடும்போது
அப்படித்தான் மணக்கும்.
ஊறுகாய் போடுகிறீர்களா என்று
வாசலில் நின்று கேட்டுவிட்டுப் போகிறார் காவலாளி.

அயோடினுக்கு ஒரு கைதான் என்று
பத்தாம் வகுப்பில் எழுதி மதிப்பெண் வாங்கியவள் நான்.
மூன்று கை உண்டு. நெருக்கினால் ஐந்தும் உண்டு.
அளவுக்கு மேல் பிடித்துக்கொண்டிருப்பதால்
எப்போது விடலாம் என்றே இருக்கிறது அதற்கு.
அந்த அவசரத்தில்தான் என் வேலை நடக்கிறது:
நைட்ரஜன் கார்பனைத் தொட, ஒரு வளையம் மூடுகிறது.
பல்லேடியம் வேண்டாம், செம்பு வேண்டாம்,
பாதரசம்
கேட்கவே வேண்டாம்.

கட்டுரையைத் திருப்பி அனுப்பினார்கள்.
உலோகம் இல்லை என்கிறீர்களே, எப்படித் தெரியும்?
கரண்டியில் இருந்திருக்கலாம், கலக்கும் காந்தத்தின் கீறலில்,
கரைப்பானில், முன்பு யாரோ செய்த வேலையின் மிச்சத்தில்.
நியாயமான கேள்வி.

மதுரைக்கு மாதிரி அனுப்பினோம்.
படிவத்தில் ஒரு குப்பி என்று ஜெசிந்தா எழுதியதை
இரண்டு என்று திருத்தினேன்.

அப்பா பதினோரு வருடம்
தெர்மாமீட்டர் கம்பெனியில் குழல் நிரப்பியவர்.
சட்டைப்பையோடு வீட்டுக்கு வந்துவிட்ட வெள்ளி மணிகளைத்
தட்டில் உருட்டி எங்களுக்கு வேடிக்கை காட்டியவர்.
இப்போது டம்ளரை இரண்டு கையாலும் பிடிக்கிறார்.
பிடித்தும் சிந்துகிறது.

கம்பெனிக்குப் பின்னால்
பாம்பார் சோலைக்கு இறங்கும் ஓடையோரம்
ஒரு ஞாயிற்றுக்கிழமை சுரண்டியெடுத்த பாசி
இரண்டாவது குப்பியில்.

பதினெட்டு நாள் கழித்து முடிவு வந்தது.
முதல் குப்பி: பல்லேடியம் கண்டறியப்படவில்லை.
செம்பு கண்டறியப்படவில்லை. நிக்கல், இரும்பு,
வரிசையாகக் கண்டறியப்படவில்லை.
ஜெசிந்தா மேசையைத் தட்டிச் சிரித்தாள்.
இரண்டாவதற்கு ஒரே வரி, ஓர் எண்.
புள்ளிக்கு இடப்பக்கமும் இலக்கங்கள்.

முதல் தாளைக் கட்டுரையோடு இணைத்தேன்.
'உலோகமில்லா' என்ற சொல்லைத்
தலைப்பில் அப்படியே விட்டேன்.
அது பொய்யில்லை.

வேலை முடிந்த அயோடின்
எண்ணெயாய்க் குடுவையில் ஒதுங்கியிருக்கிறது.
பிரித்தெடுத்து நாளை மறுபடி
மூன்று கை முளைக்க வைக்கலாம்.
மூடி, பெயர் எழுதி, தேதி போட்டு
அலமாரியில் வைத்தேன்.

இரண்டாவது தாளை
மூஞ்சிக்கல் போகும் பேருந்தில்
மடித்து மடித்துப்
பயணச்சீட்டு அளவாக்கினேன்.
நடத்துனர் அதைத்தான் முதலில் கேட்டு நீட்டினார் கையை.