பழைய கடல்

"உங்கள் கடல் பழசு" என்றாள் மர்னா
தொலைபேசியில், வணக்கம்கூடச் சொல்லாமல்.
கிளாக்ஸ்விக் துறையில் காலை ஐந்தரை.
ஸ்க்ரோபுர் என்கிற அவள் படகு
எதிர் நீரோட்டத்தில் மூன்று மணிநேரம்
டீசலைத் தின்றுவிட்டு வந்திருந்தது.
திரையில் ஓட்டம் வடக்கே.
தண்ணீர் தெற்கே.
"யாரை நம்ப?" என்றாள்.
மீன் பெட்டிகள் இறங்கும் சத்தத்தில்
இணைப்பு அறுந்தது.

ரான்வா அலுவலக ஹீட்டரில்
ஈரக் காலுறையைக் காயப்போட்டுவிட்டு
பதிப்பு எண்ணைப் பார்த்தாள்.
நேற்றிரவு கட்டியது. தேதி சரி. கையொப்பம் சரி.
மென்பொருள் புத்தம் புதுசு.
உள்ளே ஓடும் கடல் மட்டும்
மார்ச் ஒன்பதாம் தேதியுடையது.

கட்டுமான ஸ்கிரிப்டைத் திறந்தாள்.
நூற்றுப் பன்னிரண்டாம் வரியில் ஒரு தூது:
வெளியே போ,
ஓட்டம் கணிக்கும் அந்தப் பழைய நிரலைக் கூப்பிடு,
அது சொல்வதைக் கேள்,
வா, மாறியில் வை.
எல்லாம் ஏவல். மரியாதை விகுதி
ஒட்டாத வினைகள்.

தூது ஒழுங்காகத்தான் போயிருக்கிறது.
ஒழுங்காகத்தான் திரும்பியிருக்கிறது.
ஒரே ஒரு முறை.
அமைக்கும் நேரத்தில் கேட்ட கேள்வி
கட்டும் நேரத்தில் மறுபடி கேட்கப்படவில்லை.
சேமிப்பில் சுருண்டு படுத்த பதிலைத்
தட்டி எழுப்பாமல் அப்படியே தூக்கி
நாற்பத்தொரு இரவு
நாற்பத்தொரு பொட்டலமாகக் கட்டி
எல்லாப் படகுக்கும் அனுப்பியிருக்கிறது இயந்திரம்.

வரிக்கு மேலே பைனிரின் குறிப்பு:
"இப்போதைக்கு."
நான்கு வருடத்துக்கு முந்தைய
இப்போது.

பைனிரை எழுப்பினாள்.
அவன் பக்கம் ஒரு கைக்குழந்தை அழுதது,
அவள் பக்கம் கோபம் தயாராக இருந்தது.
அவன் கொட்டாவிக்கு நடுவே சொன்னான்:
"தினம் ராத்திரி அடைவை அழித்துவிட்டுத்தானே கட்டுவோம்?
புதிதாக அமைத்தால் புதிதாகக் கேட்குமே."

ஹீட்டர் டிக் என்றது.

அழிப்பதை நிறுத்தியது அவள்தான்.
மார்ச் ஒன்பது, மதியம்.
இரவுக்கு ஆறு நிமிடம் மிச்சம் என்று
கூட்டத்தில் சொன்னாள், இரண்டு பேர் கைதட்டினார்கள்.
"குழந்தையைப் பார்" என்று வைத்துவிட்டாள்.

அந்த வரியை
அமைப்பிலிருந்து பிடுங்கிக்
கட்டுமானத்தில் நட்டாள்.
இனி ஒவ்வொரு முறையும் போய்க் கேட்கும்.
தன் கணினியில் ஓட்டினாள்: இன்றைய கடல்.
துறைமுகத்துக் கணினியில் ஓட்டினாள்:
பச்சை விளக்கு, பிழை இல்லை,
வடக்கு என்றோ தெற்கு என்றோ
ஒரு எழுத்தும் இல்லை.
கடல் இருக்க வேண்டிய இடத்தில்
இரண்டு மேற்கோள் குறி,
நடுவே ஒன்றுமில்லை.

அந்தக் கணினியில் கணிப்பு நிரலே கிடையாது.
தூது போனவன் ஆளில்லாத கதவைத் தட்டி
நூற்றிருபத்தேழு என்ற எண்ணோடு திரும்பியிருக்கிறான்.
சுழியம் என்றால் சுகம்; மற்றதெல்லாம் சேதி.
எண்ணைக் கேட்க ஒருவரும் இல்லை.
வெறுங்கையையே பதிலென்று வாங்கி
மாறியில் வைத்துவிட்டது ஸ்கிரிப்ட்.

பழைய கடலாவது
ஒரு காலத்தில் உண்மை.

நிரலை நிறுவினாள்.
அதை வைத்த அடைவின் பெயரில் ஓர் இடைவெளி;
பாதை இரண்டாக உடைந்து
பாதிப் பெயரைத் தேடிப் போனது தூது.
மேற்கோளுக்குள் பூட்டினாள்.
பதிலின் வாலில் ஒட்டி வந்த
வெற்று வரியை நறுக்கினாள்.
பிறகு, சுழியம் அல்லாத எது வந்தாலும்
ஒரே ஏவல்: நில்.

அன்றிரவு கட்டுமானம்
இரண்டு முறை நின்றது.
இரண்டு முறையும் எழுந்து வந்தாள்,
கோட்டுக்குள் இரவு உடையோடு.
வெளியே மூடுபனி; எதிர்த் தீவு இருந்த இடத்தில்
யாரும் எதையும் இன்னும் நிரப்பவில்லை.

"இப்போதைக்கு" என்ற குறிப்பை
அழிக்கப் போய், விட்டுவிட்டாள்.
கீழே தன் பெயரைச் சேர்த்தாள்.

காலையில் மர்னாவிடமிருந்து ஒரு வரி:
"தெற்கே என்கிறது. தெற்கேதான்.
டீசல் ரசீது அனுப்பியிருக்கிறேன்."