வரி நானூற்றுப் பதினேழு

உட்துறைமுக வீதி, மீனவர் சங்கத்து மேல்மாடி.
இரவு பத்தரை.
ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த நிரல்
நானூற்றுப் பதினாறாம் வரி என்று சொல்லிக்
குப்புற விழுகிறது.
நல் பொயின்டர்.
நீட்டிய விரல் இருக்கிறது,
அது காட்டுகிற இடத்தில் ஒன்றும் இல்லை.

எக்செலைத் திறந்து பார்த்தேன்.
நானூற்றுப் பதினாறில் சவிரிநாயகம்,
நாற்பத்திரண்டு கிலோ பாரை,
கரை சேர்ந்தது காலை ஐந்து பத்துக்கு.
ஒரு குறையும் சொல்லமுடியாத மனிதர்.
முக்கால் மணித்தியாலம் அவரைக் குடைந்தேன்.
தேதியைச் சந்தேகித்தேன், பாரையைச் சந்தேகித்தேன்,
பெயரின் பின்னால் ஒளிந்திருக்கக்கூடிய
ஒரு வெற்றிடத்தைக்கூட.
பிறகுதான் உறைத்தது:
நிரல் பூச்சியத்திலிருந்து எண்ணும்,
எக்செல் ஒன்றிலிருந்து.
நாலு வருடமாக இதுதான் தொழில்,
இன்றைக்கும் பக்கத்து வீட்டில்
திருடனைத் தேடியிருக்கிறேன்.

கீழே வீதியில் இரண்டு மான்
தேத்தண்ணிக் கடைக் குப்பை வாளிக்குள்
தலையை விட்டுக்கொண்டு நிற்கின்றன.
ஓட்டோ ஒன்று அவற்றைச் சுற்றிப் போகிறது,
ஹோர்ன்கூட அடிக்காமல்.

நானூற்றுப் பதினேழு: சகாயமேரி.
பலநாள் படகு, ஆட்கள் மூன்று பேர்.
புறப்பட்ட நேரம் உண்டு. டீசல் உண்டு. ஐஸ் உண்டு.
கரை சேர்ந்த நேரம்

வெறுமையில் இத்தனை சாதி இருப்பது
இந்த வேலைக்கு வந்த பிறகுதான் தெரியும்.
ஸ்பேஸ் தட்டிவிட்டுப் போன வெறுமை,
எழுதி அழித்த வெறுமை.
பூச்சியம் வெறுமையே இல்லை, அது ஒரு பதில்.
இதுவோ யாரும் தொடாத கட்டம்,
கோப்புக்குள் பிறக்கவே இல்லை.
மரியாதைக்காக எக்செல்
நாலு கோடு போட்டுக் காட்டுகிறது.

சின்ன வேலை.
நல் என்றால் பூச்சியம் என்று எடு.
இரண்டு வரி எழுதினேன், ஓடியது,
கூட்டுத்தொகை வந்தது, எல்லாம் பச்சை.
லப்டொப்பை மூடப்போன கை
அறிக்கையில் நின்றது.

பூச்சியத்தை நேரமாக வாசித்தால் நள்ளிரவு.
சகாயமேரி, கரை சேர்ந்தது: நள்ளிரவு பன்னிரண்டு.
சுவரில் மணிக்கூட்டைப் பார்த்தேன்.
பன்னிரண்டுக்கு இன்னும் இருபது நிமிடம்.

ஹஸ்மியாவுக்கு எடுத்தேன், கிண்ணியாவுக்கு.
முதல் மணியிலேயே தூக்கினாள்.
"அது நான் மறந்து விட்டதில்ல சேர்.
ஆறு நாள்ல வாறதா போனவங்க,
இன்டையோட ஒன்பது.
வந்தா நேரம் போடுவன்.
வராம நான் என்னத்தப் போட?"
கொஞ்சம் பொறுத்து,
"ஒரு கோடு கிழிப்பமா என்டு பாத்தன். கை வரல்ல."

காலை ஐந்துக்கு இந்த அறிக்கை
தானாகவே திணைக்களத்துக்குப் போகும்.
அங்கிருந்து கடற்படைக்கு.
கரை சேர்ந்த படகை
எவரும் தேடமாட்டார்கள்.

என் இரண்டு வரியையும் அழித்தேன்.
நிரல் மறுபடி விழுந்தது, அதே இடத்தில்,
அதே சிவப்பு எழுத்தில்.
இந்தக் கட்டடத்தில் இன்றிரவு
உண்மை சொன்னது அது ஒன்றுதான்,
நான் அதன் வாயைப் பொத்தப் பார்த்திருக்கிறேன்.

புதிதாக எழுதினேன்:
கட்டம் இல்லாத படகெல்லாம்
அறிக்கையின் தலைமாட்டுக்கு வரட்டும்.
நேரத்துக்குப் பதிலாக
"இன்னும் வரவில்லை".
எனக்குப் பிறகு இதைத் திறப்பவருக்கு
ஒரு குறிப்பும் விட்டேன்,
இங்கே பூச்சியம் போடாதே என்று.
காரணம் எழுதத் தொடங்கி
பாதியில் அழித்துவிட்டேன்.

மான்களைக் காணவில்லை.
கீழ்மாடியில் வயர்லெஸ் பெட்டி இரைகிறது.
காவல்கார பியசேன
இரண்டு மொழியில் மாறி மாறி
ஒரே பெயரைக் கூப்பிடுகிறார்,
விட்டு, கேட்டு,
மறுபடி கூப்பிடுகிறார்.