தொண்டை கட்டிய நாள்

எனக்கு இந்த விளையாட்டு தெரியாது.
கெமிஸ்ட்ரியில் கெஸ்ட் லெக்சரர், மணிக்கணக்குச் சம்பளம்.
பெண்கள் டீமோடு ஒரு பெண் ஆசிரியர் போகவேண்டும் என்பது விதி.
மறுக்கமுடியாத இடத்தில் இருந்தது நான்.
அப்படித்தான் மேனேஜர் ஆனேன்.

கோச் ஜெசிந்தா. பகலில் மின்வாரியத்தில் பில் கவுண்டர்.
காலை ஐந்தே முக்காலுக்கு
ஸ்கூட்டியை ஸ்டாண்ட் போடும் சத்தம்தான் முதல் விசில்.
கல்லூரி தருவது பெட்ரோல் காசு,
அதுவும் மார்ச்சில், மொத்தமாக.

மார்க்கர் கலியபெருமாள்
சுண்ணாம்புக் கோடு போடுவார், பந்துக்குக் காற்றடிப்பார்.
பிள்ளைகளின் பெயர் அவர் வாயில் வராது.
"ஏழு, லேஸைக் கட்டு."
"பதினொண்ணு, சாப்டியா?"
தேவனாம்பட்டினத்தில் அவர் வீட்டுக் கொடியில்
நாலிலிருந்து பதினாலு வரை
கடற்காற்றில் ஒன்றையொன்று உதைத்துக்கொண்டு காயும்.
ஒன்பதைப் போட்டவள் படிப்பை விட்டுவிட்டு
ஓசூரில் செல்போன் பாகம் கோக்கிறாள்.
ஒன்பதையும் துவைத்துத்தான் கொண்டுவருகிறார்.

கடலுக்குப் பக்கத்தில் இரும்பு என்ன ஆகும் என்று
போர்டில் எழுதி நடத்துகிறவள் நான்.
ரிங்கின் நாலு போல்ட்டும் அதே பாடத்தைத்
தலைக்கு மேலே நடத்திக்கொண்டிருந்தன.
லேபிலிருந்து பாஸ்பாரிக் ஆசிட் எடுத்துப்போனேன்.
கலியபெருமாள் ஏணியில், நான் கீழே டார்ச்சோடு,
இரண்டு சாயங்காலம்.
ஸ்டாக் ரிஜிஸ்டரில் 'செய்முறைக்கு' என்று எழுதினேன்.
பொய்யில்லை.

மேட்ச் அன்று விடிய விடிய மழை.
சாக்கை மடித்துக் கோர்ட்டின் தண்ணீரைத் தள்ளிக்கொண்டிருந்தோம்
மூன்று பேரும்.
வந்த டீம் தனி பஸ்ஸில் வந்தது.
கோச், உதவி கோச், பிசியோ,
வீடியோ எடுக்க ஒரு பையன்.
காற்று தெற்கே திரும்பியதும் சிப்காட் வாசனை அடித்தது.
பிசியோ மூக்கைப் பொத்தினார்.
எங்கள் பிள்ளைகள் அதில் மூச்சுவாங்கிப் பழகியவர்கள்.

அன்று பார்த்து ஜெசிந்தாவுக்குக் குரல் இல்லை.
வாயைத் திறந்தால் வெறும் காற்று.
என் கையைப் பிடித்து இழுத்து
காதில் ஊத, நான் கத்தினேன்:
"ஸ்க்ரீன் வை!"
"ஸோனுக்கு மாறு!"
"பாக்ஸ் அவுட், பாக்ஸ் அவுட்!"
என்ன சொல்கிறேன் என்று எனக்கே தெரியாது.
ஆனால் சொல்லி முடிக்குமுன்
ஐந்து ஜோடிக் கால்கள் இடம் மாறின.
வகுப்பில் ஒரு வருஷம் கத்தியும்
இப்படி எதுவும் நகர்ந்ததில்லை.

பத்தொன்பது விநாடி. இரண்டு பாயிண்ட் குறைவு.
டைம் அவுட்.
எட்டு முகங்களும் என் வாயைப் பார்க்க
ஜெசிந்தா காதருகே வந்தாள்.
"என்ன சொல்றதுன்னு தெரியல டீச்சர்."

அதைக் கத்த முடியுமா?

"தண்ணி குடிங்க" என்றேன்.
குடித்தார்கள். பாட்டில் கைமாறிக் கைமாறிப் போனது.
விசில் ஊதிவிட்டார்கள்.

பன்னிரண்டைத் தட்டிவிட்டார்கள். இரண்டு ஃப்ரீ த்ரோ.
முதலாவது வலையை மட்டும் தொட்டது.
இரண்டாவது உள்ளே ஒரு சுற்று சுற்றி
யாரையோ தேடி வந்து காணாதவர் போல
வெளியே எட்டி விழுந்தது.
அவ்வளவுதான். ஒரு பாயிண்ட்.

"பாத்தீங்களாம்மா, ரிங் ஆடவே இல்ல"
என்றார் கலியபெருமாள்.
மைதானத்தில் அந்த நேரம்
சந்தோஷமாக இருந்த ஒரே எங்கள் ஆள்.

பஸ் போனபிறகு பன்னிரண்டு வந்தாள்,
கண் வீங்கி, வாழைப்பழத்தை உரிக்காமல் பிடித்தபடி.
அவள் பெயர் வேதநாயகி. இரண்டாம் ஆண்டு, வணிகவியல்.
"மிஸ், கடைசி டைம் அவுட்ல
கோச் நிஜமா என்ன சொன்னாங்க?"

"தண்ணி குடிக்கச் சொன்னாங்க" என்றேன்.

பெஞ்சில் முழங்காலுக்குப் பட்டை சுற்றிக்கொண்டிருந்த ஜெசிந்தா
தோள் குலுங்கச் சிரித்தாள்,
சத்தமே இல்லாமல்.
பிறகு ஒரு சுண்ணாம்புக் கட்டியை எடுத்து
ஈரத் தரையில் 5.45 என்று எழுதினாள்.
ஈரத்தில் சரியாகப் பதியவில்லை.
எல்லோருக்கும் புரிந்தது.